பின்னின குதிரை லகான் தானா முறுக்கிக்குது, பாத்தவங்க இருக்கீங்களா?

கருங்குதிரை (பாலக்கோடு)
நாலு புரி உருண்டைப் பின்னல், பக்கத்துக்கு 5 அடி. வார் அகலம் 5 மி.மீ., ரெண்டு பக்கமும் ஒரே தோல்ல வெட்டினது. மாட்டித் தொங்க விட்டா வலது லகான் அசையாம நிக்குது. இடது மட்டும் மெதுவா திரும்பி, ஒண்ணரைச் சுத்துல போய் நிக்குது. நேராக்கி விட்டாலும் மறுபடி அதே ஒண்ணரைச் சுத்து. ஈரத்துணியில சுத்தி, பலகைக்கு அடியில உருட்டியாச்சு, போகல. பின்னல் வரிசை சரிதான்: ஓரத்து வார் ரெண்டு வாருக்குப் பின்னால போய், ஒண்ணு மேல ஏறித் தன் பக்கமே திரும்புது, இடம் வலம் மாறி மாறி. இந்த மாதிரி யாராச்சும் பாத்திருக்கீங்களா?

காவேரிப்பட்டணத்தான்
பாத்த சுத்துதாங்க. நாலுல ஒரு வார் வயித்துத் தோல்ல இருந்து வந்திருக்கும். உருண்டைப் பின்னல்ல ரெண்டு வார் வலமாச் சுத்தும், ரெண்டு இடமாச் சுத்தும். நாலும் ஒரே இழுப்புல இருந்தாத்தான் நேரா நிக்கும். முதுகுத் தோல் நார் நெருக்கம், இழுத்தா கொஞ்சமாத்தான் குடுக்கும். வயிறு நீண்டுக்கிட்டே போகும், போகப் போக மெலியும்.

பின்ன ஆரம்பிக்கும் முன்னாடியே இதைப் பிடிச்சிடலாம். ஒவ்வொரு வாரையும் ஈரத்தோட தொங்க விட்டு, எல்லாத்துக்கும் ஒரே செங்கல்லைக் கட்டி அளந்து பாருங்க. எது மத்ததை விட அதிகமா நீளுதோ அதை ஒதுக்கிடுங்க, சாவிக்கொத்துக்கு ஆகும். வட்டத்துல சுழிச்சு வெட்டின வார்னா இது கட்டாயம். 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துல 6 மி.மீ. அகலத்துக்கு வெட்டினா, நடுவுல 5 செ.மீ. விட்டாலும் கிட்டத்தட்ட 4.9 மீட்டர் வரும். ஆனா ஒரு சுத்துக்குள்ளயே முதுகுப் பக்கமும் வயித்துப் பக்கமும் மாறி மாறி வந்துடும். இழுத்து நிமித்தினா அகலம் குறையும், அதனால 5 வேணும்னா 6ல வெட்டணும். நீளம் ஒண்ணரை மடங்கு, அதாவது 5 அடி லகானுக்கு ஒரு வார் ஏழரை அடி.

தளி மலை
வயித்துத் தோல்னு அடிச்சுச் சொல்றது சரியில்லீங்க. ரெண்டு லகானும் ஒரே தோல், ஒண்ணுதான் முறுக்குது. முதல்ல ஈரத்தைப் பாக்கணும். பாலக்கோட்டுல சித்திரை வெயில்ல ஃபேன் போட்டு உக்காந்தா, ரெண்டாவது லகான் பாதி வரும்போதே வார் காஞ்சிடும். ஈர வார் இறுகி உக்காரும், காஞ்ச வார் தூக்கிக்கிட்டு நிக்கும். வாரைத் தண்ணியில முக்கி எடுத்து, துணியில சுத்தி ஒரு ராத்திரி வைங்க. கன்னத்துல வச்சா குளுமை தெரியணும், அமுக்கினா தண்ணி கசியக் கூடாது. சொதசொதன்னு இருக்கும்போது பின்னினா காஞ்சதும் சுருங்கி இடைவெளி விட்டுடும். எங்க பக்கம் மார்கழியில காயவே காயாது, அது வேற தலைவலி.

இன்னொண்ணு. ஈர வாரை இரும்பு ஆணியில கட்டாதீங்க. ஆவாரம் பட்டையில பதனிட்ட தோல்ல இரும்பு பட்டா கன்னங்கரேல்னு கறை ஏறும். ஒரு லகான் நெடுக, ஆணி தொட்ட இடமெல்லாம் மச்சம் வச்ச மாதிரி நின்னுச்சு. தேச்சாலும் போகாது. பித்தளை ஆணி போதும்.

ஊத்தங்கரை வார்
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. அது பட்டைத் தோல்தானா, அதாவது மரப்பட்டையில பதனிட்டதா? ஆம்பூர், வாணியம்பாடில செருப்பு மேல்தோல் வெட்டின துண்டு மூட்டையா கிடைக்குதுன்னு அதுல லகான் பின்றாங்க. முக்காவாசி குரோம் தோல் (குரோம் உப்புல பதனிட்டது), கனம் ஒண்ணரை மி.மீ. கூட வராது. ஈரம் வச்சு இறுக்கினாலும் படியாது, ரப்பர் மாதிரி திரும்பி வந்துடும். வெட்டின ஓரத்தைப் பாருங்க, உள்ளே சாம்பல் நீலம் தெரிஞ்சா குரோம். சாயம் உள்ள வரைக்கும் ஏறியிருந்தா துண்டைக் கொதிக்கிற தண்ணியில போடுங்க. பட்டைத் தோல் சுருண்டு விறைச்சிடும், குரோம் பெருசா மாறாது. லகானுக்கு 2 மி.மீ. பட்டைத் தோல், முதுகுப் பாகம். மத்தது எல்லாம் அலங்காரத்துக்கு.

காவேரிப்பட்டணத்தான்
அவர் என்ன தோல்னே சொல்லல, நீங்க குரோம்னு முடிவே கட்டிட்டீங்களே. ரெண்டும் ஒரே தோல்ல வெட்டினதுன்னா குரோம் முறுக்கு ரெண்டுலயும் வந்திருக்கணுமே?

மத்திகிரிப் பக்கம்
முறுக்கு பாக்கத்தான் அசிங்கம். ஆபத்து கடிவாள வளையத்துல இருக்கு. அங்கே வரைக்கும் பின்னிக்கிட்டுப் போகாதீங்க. எச்சில்ல நனைஞ்சு, காஞ்சு, அதே இடத்துல மடிஞ்சு மடிஞ்சு பின்னலோட உள்பக்கம் முதல்ல வெடிக்கும், வெளியே தெரியாது. அறுந்து வந்த ஒரு லகான்ல மூணு வார் உள்ளே ஏற்கெனவே பொடிப்பொடியா கிடந்துச்சு, நாலாவது மட்டும் புதுசு மாதிரி பளபளன்னு. கடைசி 8 அங்குலம் 3 மி.மீ. கனமுள்ள தட்டை வாரா விட்டு, பக்கிள் போட்டு வளையத்துல மாட்டுங்க. கெட்டா அதை மட்டும் மாத்திக்கலாம்.

1824ல ஓசூர் பக்கத்து மத்திகிரிப் பண்ணை தொடங்கினதே பட்டாளத்துக் குதிரைக்குத்தான். பட்டாளத்து லகான் வெறும் தட்டை வார். துடைக்க லேசு, விரிசல் உடனே கண்ணுல படும். பின்னல் அழகுதான், கை வழுக்காது, அதுவும் சரி. ஆனா வாரம் ஒருக்கா வளைச்சுப் பாக்கணும்.

கேக்காததையும் சொல்லிடறேன். தலைக்கயிறும் தோல்லயே பின்றதா இருந்தா, காதுக்குப் பின்னால போற பட்டையை மெல்லிசா ஒத்தை வாரா வைங்க. கட்டிப் போட்ட குதிரை மிரண்டு இழுத்தா அது அறுந்து விடணும். எட்டு புரி போட்டு இரும்பாட்டம் பின்னினா அறுந்து விடாது, கழுத்துதான் போகும்.

தளி மலை
எண்ணெயை விட்டுட்டீங்க. பின்னி முடிச்சு ரெண்டு நாள் நிழல்ல காஞ்ச பிறகு கொழுப்பு லேசா, கை சூட்டுல தேச்சாப் போதும். விளக்கெண்ணெயில ஊற வச்சா வார் தொளதொளன்னு நீண்டு, நேரா நின்ன லகானும் முறுக்கும்.