கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி தலை சீவுற சீனச் சடங்கு, எங்க அம்மா சீவலாமா?

சத்துவாச்சாரி அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி மலேசியாவுல ஈப்போல வேலை பாக்கறான், அங்கயே ஒரு சீனப் பொண்ண புடிச்சுப்போயி ரெண்டு வீட்டுலயும் பேசி முடிச்சாச்சு, வர்ற தை மாசம் நம்ம வேலூர்லயே கல்யாணம், பொண்ணு வீட்டுக்காரங்க பதினஞ்சு பேர் வர்றாங்க, காட்பாடி பக்கம் ரூம் போட்டுக்கினு இருக்கோம். போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பொண்ணோட அம்மா பேசினாங்க. முந்தின நாள் ராத்திரி நல்ல நேரம் பாத்து பொண்ணுக்கு அவங்க தலை சீவுவாங்களாம், அதே மாதிரி மாப்பிள்ளைக்கு நம்ம வீட்டுல சீவணுமாம். "உங்க அம்மாதானே சீவுவாங்க?"ன்னு கேட்டாங்க, தம்பி தமிழ்ல சொன்னான். அம்மா ஒண்ணுமே பேசல, எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிட்டாங்க.

எங்க நைனா போயி 9 வருஷம் ஆவுது. என் கல்யாணத்துல எனக்கு நலங்கு வெக்கும்போது அம்மா கூடத்துப் பக்கமே வரல, ஸ்டோர் ரூம்ல உக்காந்து தாம்பூலப் பைக்கு தேங்கா எண்ணிக்கினு இருந்தாங்க, நான் மஞ்சள் பூசின மூஞ்சோட அங்க எட்டிப் பாத்தேன், அம்மா தலையே நிமிரல. இன்னிக்கும் அது என் கண்ண விட்டுப் போவல. இப்போ பெரியம்மா சொல்றாங்க, எந்த ஊர் சாங்கியமா இருந்தா இன்னா, நல்ல காரியத்துல சீப்பு அவ கையில படக்கூடாது, நானே சீவறேன்னு. பெரியம்மா கெட்டவங்க இல்ல, நைனா போனப்புறம் எங்கள தூக்கி வுட்டவங்களே அவங்கதான், அத்தொட்டு எதிர்த்துப் பேசவும் முடியல.

இந்தச் சடங்கு நிஜமா இன்னா, இன்னா சாமான் வாங்கணும், அவங்க முறையில அம்மா சீவலாமா கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈப்போ மருமக:
அக்கா, நான் குடியாத்தத்துப் பொண்ணு, இங்க கான்டனீஸ்ங்கற சீன மொழி பேசுற குடும்பத்துல வாழ்க்கப்பட்டு 12 வருஷம் ஆச்சு, ஈப்போ சீனங்க பெரும்பாலும் கான்டனீஸ்காரங்கதான், உங்க சம்பந்தி வீடும் அப்படித்தான் இருக்கும்னு வெச்சு சொல்றேன். இதுக்குப் பேரு சோ தாவ், தலை சீவுறதுன்னே அர்த்தம். பொண்ணுக்கு பொண்ணு வீட்டுல, பையனுக்கு பையன் வீட்டுல, தனித்தனியா. நம்ம பஞ்சாங்கம் மாதிரி அவங்களுக்கு தோங் ஷெங்னு ஒண்ணு இருக்கு, அதப் பாத்து நேரம் குறிப்பாங்க, பெரும்பாலும் ராத்திரிதான். பையனுக்கு முதல்ல முடிக்கணும், அதுக்கப்புறம்தான் பொண்ணுக்கு, அதனால நேரத்த போன்ல கேட்டு கரெக்டா வெச்சுக்கோங்க.

மொதல்ல பம்பளிமாஸ் இலை போட்ட தண்ணியில குளிப்பாங்க, கெட்டது கழியும்னு. ஈப்போ பக்கத்துல தம்புன்னு ஒரு ஊரு, பம்பளிமாசுக்கே பேர் போனது, இங்க இலைக்குப் பஞ்சமே இல்ல, ஆனா பச்சை இலையெல்லாம் ஏர்போர்ட்ல பிரச்சனை பண்ணுவாங்க, நீங்க அங்கயே யார் தோட்டத்துலயாவது சொல்லி வெச்சு வாங்கிடுங்க. குளிச்சுட்டு புது உடுப்பு, பொண்ணுன்னா ஜன்னல் பக்கமா வெளிய பாத்து உக்காருவா, பையன் வீட்டுக்குள்ள பாத்து உக்காரணும். டிராகனும் ஃபீனிக்ஸ் பறவையும் போட்ட ஜோடி சிவப்பு மெழுகுவத்தி ஏத்துவாங்க, அத ஊதி அணைக்கவே கூடாது. சீப்பு, கண்ணாடி, கத்திரிக்கோல், அடிகோல், சிவப்பு நூல், இதெல்லாம் பொண்ணு வீட்டுலயே செட்டா விக்கறத வாங்கிட்டு வருவாங்க, நீங்க தேடி அலையாதீங்க.

சீவும்போது வேருல இருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு, நடுவுல நிறுத்தக்கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வாழ்த்து சொல்லணும். முதல் சீவல், கடைசி வரைக்கும் சேந்து இருங்கன்னு. ரெண்டாவது, தலைமுடி வெளுத்து புருவத்தத் தொடுற வரைக்கும்னு. மூணாவது, புள்ளைங்களும் பேரப் புள்ளைங்களும் வீட்டுத் தரை பூரா நிறையணும்னு. சில வீட்டுல நாலாவதும் உண்டு, அதுக்கு வார்த்தை வீட்டுக்கு வீடு மாறும். முடிஞ்சதும் பசையரிசி மாவு உருண்டைய சக்கரத் தண்ணியில போட்டு எல்லாருக்கும் குடுப்பாங்க, நம்ம பால் கொழுக்கட்டை மாதிரியேதான் இருக்கும்.

இப்போ உங்க கேள்வி. பழைய முறைப்படி சீவுறவங்கள ஹௌ மெங் போன்னு சொல்லுவாங்க, நல்ல விதி வாங்கி வந்த அம்மான்னு அர்த்தம், புருஷன் உயிரோட இருக்கணும், ஆணும் பொண்ணுமா புள்ளைங்க இருக்கணும். ஆமா அக்கா, நம்ம சுமங்கலி கணக்கேதான், அத மறைச்சு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா இப்போ இங்க நிறைய வீட்டுல பெத்தவங்கதான் சீவறாங்க. என் மாமனார் எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாரு. என் மாமியார் அவங்க அக்காவத்தான் கூப்பிட்டு வெச்சிருந்தாங்க, என் வீட்டுக்காரர் ஸ்டூல்ல உக்காந்துகிட்டு, அம்மா நீ சீவு, இல்லன்னா நான் எந்திரிச்சிடுவேன்னு சொல்லிட்டாரு. கை நடுங்க நடுங்க சீவினாங்களாம். நாங்க நல்லாத்தான் இருக்கோம், ரெண்டு புள்ளைங்க.

ஆரணி அத்தை:
கண்ணு, உன் பெரியம்மா பயத்துலதான் சொல்றாங்க, புள்ளைக்கு ஒண்ணு ஆயிடக்கூடாதேன்னு. நானும் அப்படி பயந்து பயந்து எங்க ஓரகத்திய பல காரியத்துல ஒதுக்கி வெச்சவதான், இப்போ நெனச்சா நெஞ்சு அடைக்குது. ரெண்டு பேர் மனசும் நோகாம, முதல் சீவல் பெரியம்மா, கடைசி சீவல் அம்மான்னு வெச்சிக்கயேன்.

ஈப்போ மருமக:
அத்தை, பங்கு போட்டு சீவுறத நான் பாத்ததில்ல, மூணு வாழ்த்தும் ஒரே கையால வர்றதுதான் வழக்கம். பெரியம்மாவ மெழுகுவத்தி ஏத்தச் சொல்லலாம், உருண்டைய ஊட்டச் சொல்லலாம்.

பாகாயம் நர்ஸ்:
நான் சிங்கப்பூர்ல 7 வருஷம் நர்ஸா இருந்தேன். அங்க ஒரு வயசான சீனப் பாட்டிய பாத்துக்கிட்டேன், பின்னாடி கொண்டை, எப்பவும் வழுவழுன்னு வாரி இருக்கும். தெக்கு சீனாவுல குவாங்டாங் மாகாணத்துல ஷுண்டேன்னு ஒரு ஊரு, பட்டு நூற்குற ஊரு, அங்கத்துப் பொண்ணுங்க சில பேரு கல்யாணமே வேணாம்னு சபதம் எடுத்து, கல்யாணத்துக்கு முன்னாடி அடுத்தவங்க வாரிவிட வேண்டிய கொண்டைய தானே சீவி முடிஞ்சுக்குவாங்க, தானே சீவிக்கிட்ட பொண்ணுங்கன்னுதான் அவங்களுக்குப் பேரே. பட்டுத் தொழில் படுத்தப்புறம் நிறைய பேரு சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் வீட்டு வேலைக்கு வந்து, ஊருக்கு பணம் அனுப்பி தம்பி தங்கச்சிங்கள காப்பாத்தினாங்க. அந்தப் பாட்டியும் அதுல ஒருத்தங்க. குளிப்பாட்டிட்டு நான் சீப்ப எடுத்தா என் கையில இருந்து வாங்கிக்குவாங்க, பக்கவாதம் வந்த கையோடயே தானே சீவுவாங்க. புருஷன் இருந்தாத்தான் சீப்புக்கு மரியாதைன்னு யாராவது சொன்னா எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும் அக்கா. உங்க அம்மாவே சீவட்டும்.

வாலாஜா மாமா:
நான் பினாங்குல கொஞ்ச காலம் கடையில நின்னவன். அங்க பாபா நோன்யான்னு சீனக் குடும்பங்க இருக்காங்க, மலாய் பழக்கமும் கலந்தவங்க, இதையே சியூ தாவ்னு செய்வாங்க. பெரிய மூங்கில் மொறத்து மேல நெல்லு அளக்குற மரக்கால கவுத்துப் போட்டு அதுமேல மாப்பிள்ளைய உக்கார வெப்பாங்க, மரக்காலுக்கு அங்க காந்தாங்னு பேரு. அப்போ போட்டுக்குற வெள்ளை உடுப்ப பத்திரமா எடுத்து வெச்சு, சாவுறப்போ அதையே உடுத்தி அனுப்புவாங்க. உங்க வீட்டுல பழைய மரக்கா இருந்தா சம்பந்திக்கு காட்டுங்கம்மா, ஈப்போக்காரங்களுக்கு அந்த முறை கிடையாது, ஆனா பாத்தா ஆசையா கேப்பாங்க.

சத்துவாச்சாரி அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி இத அப்படியே அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். ஈப்போ தங்கச்சி மாமியாருக்கு கை நடுங்கினத படிக்கும்போது பெரியம்மா முந்தானைய வாயில வெச்சுக்கினாங்க. ரொம்ப நேரம் யாரும் பேசல. அப்புறம் பெரியம்மாதான், சரி, மெழுகுவத்தி நான் ஏத்தறேன், அது காத்துல அணையக்கூடாதாமே, ஃபேன யாரு நிறுத்துறதுன்னு கேட்டாங்க.

காலையில அம்மா என்ன எழுப்பி, அந்த மூணு வார்த்தைய திரும்ப சொல்லு, தமிழ்லயே சொல்லலாமா கேளுன்னாங்க. இன்னொன்னும் கேக்க சொன்னாங்க, தம்பிக்கு சின்ன வயசுல ஸ்கூலுக்கு தலை சீவின மரச்சீப்பு அலமாரியில கீது, ரெண்டு பல்லு போயிடுச்சு, அதுல சீவலாமான்னு.

ஈப்போ மருமக:
தமிழ்லயே சொல்லட்டும் அக்கா, பையன் காதுல விழுற மாதிரி சத்தமா சொல்லணும், அவ்ளோதான். சீப்பு மட்டும் புதுசா இருக்கணும், ஒரு பல்லும் உடைஞ்சிருக்கக் கூடாது. பழைய சீப்ப தட்டுல பக்கத்துல வெச்சிடுங்க.