பத்பராட்சா கல்லுக்கு இவ்வளவு விலை ஏன்?

கேள்வி:
வணக்கம். மனைவிக்கு மோதிரம் செய்வதற்காகக் கல் தேடியபோது, இலங்கையின் பேருவளை வணிகர் ஒருவர் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த பத்பராட்சா ஒன்றைக் காட்டினார். பார்த்ததும் மனத்தைப் பறித்துவிட்டது. ஆனால் அதே எடையுள்ள இளஞ்சிவப்பு நீலக்கல்லை (பிங்க் சஃபையர்) விட அவர் சொன்ன விலை பன்மடங்கு. இரண்டும், மாணிக்கமும் நீலக்கல்லும் அடங்கும் குருந்தம் என்ற கனிம இனம்தானே? வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் மறுமொழி:
இனம் ஒன்றுதான், விலை நிறச் சமநிலைக்கு. இளஞ்சிவப்பைக் குரோமியம் தருகிறது. மஞ்சள் சாயல் பெரும்பாலும் படிகக் கட்டமைப்பில் அமைந்த, ஒளியை உறிஞ்சும் நுண்குறைகளான நிறமையங்களால் உண்டாகிறது. இவ்விரண்டும் ஒரே கல்லில், ஒன்றையொன்று விழுங்காமல், மென்மையான சாயலில் அமைவது மிக அரிது. நிறம் அழுத்தமாகிவிட்டாலோ பழுப்புக் கலந்தாலோ இரத்தினக்கல் ஆய்வகங்கள் பத்பராட்சா என்ற பெயரைத் தருவதில்லை. இரத்தினபுரிப் பகுதியின் சரளைப் படுகைகளில் கிடைத்த கற்களே இந்நிறத்திற்கு நெடுங்காலமாக அளவுகோலாக இருந்துவருகின்றன. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள நூறு காரட் அளவிலான கல்லும் இலங்கையினதே. 2018-இல் பிரித்தானிய இளவரசி யூஜினியின் நிச்சயதார்த்த மோதிரம் வெளியானபின் பொதுமக்களும் இக்கல்லைத் தேடத் தொடங்கினார்கள். என் கருத்தில், புகழைவிட அந்த நிறச் சமநிலைக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் மறுமொழி:
மேலே சொன்னதுடன் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்கிறேன். 2001-ஐ ஒட்டித் தாய்லாந்தில், மிகுந்த வெப்பத்தில் பெரிலியம் என்ற தனிமத்தைக் கல்லுக்குள் ஊடுருவச் செய்து செம்மஞ்சள் நிறம் ஏற்றிய கற்கள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. தொடக்ககாலக் கற்கள் பலவற்றைத் திரவத்தில் மூழ்கவைத்துப் பார்த்தால், விளிம்பை ஒட்டிய செம்மஞ்சள் வளையம் தெரியும். நிறம் ஆழமாக இறங்கியவற்றை ஆய்வகத்தின் வேதிப் பகுப்பாய்வால்தான் உறுதிசெய்ய முடியும். இத்தகைய கல் பத்பராட்சா ஆகாது, அதன் மதிப்பும் மிகக் குறைவு.

அடுத்தது நிறம் நிலைத்தல். மடகாஸ்கரில் அம்பட்டோன்ட்ரசாகா அருகே 2016-க்குப் பின் கிடைத்த கற்கள் சிலவற்றில், வெளிச்சம் பட்டபின் செம்மஞ்சள் மங்கி வெறும் இளஞ்சிவப்பே எஞ்சியது. இதனால்தான் நல்ல ஆய்வகங்கள் புற ஊதாக் கதிரும் வலுவான வெண்ணொளியும் படவைத்துச் சோதித்த பின்னரே பெயர் எழுதுகின்றன.

கேட்டவர்:
மிக்க நன்றி. நிறத்தை மேம்படுத்துவதற்காக மிதமாகச் சூடேற்றிய கல் என்றால் ஒதுக்கிவிட வேண்டுமா?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்:
வேண்டியதில்லை. வெறும் சூடேற்றலை மட்டும் கண்ட கல்லுக்கும் அப்பெயர் உண்டு; சூடேற்றாத கல்லின் விலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள். மஞ்சள் விளக்கொளியில் எந்த இளஞ்சிவப்புக் கல்லும் செம்மஞ்சளாகத் தோன்றக்கூடும் என்பதால், பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்துப் பாருங்கள். சூடேற்றம், பெரிலியம், நிறம் நிலைத்தல் ஆகிய மூன்றையும் குறிப்பிடும் ஆய்வறிக்கை கைக்கு வந்தபின் மீதித் தொகையைத் தருவதாக வணிகரிடம் பேசுங்கள்.