பட்டறைக்கு நாமே செய்த சக்கர ஏணி: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

லேத் பட்டறை, கோவை:
எங்கள் ரேக்கின் மேல் தட்டுக்காகச் சதுரக் குழாயில் நாங்களே வெல்டிங் செய்த ஏணி அது. நான்கும் எந்தத் திசைக்கும் திரும்பும் சுழலும் சக்கரங்கள். நான்கிலும் பிரேக் உண்டு. அன்று எல்லா பிரேக்குகளையும் மிதித்து இறுக்கிய பிறகே ஏறினேன். மேலிருந்த 8 அங்குல ‘சக்’ ஒன்றை (லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் கனமான பாகம்) பக்கவாட்டில் இழுத்தபோது, ஏணி முழுவதும் இரண்டு விரற்கடை விலகி நின்றது. சக்கரம் எதுவும் உருளவில்லை என்று கீழே நின்ற பையன் உறுதியாகச் சொல்கிறான். இரு கைகளிலும் சக், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. காலடியில் படி நழுவிய அந்த உணர்வு இன்னும் என்னை விடவில்லை. பிரேக் பிடித்திருக்கும்போது ஏணி எப்படி நகர்ந்தது?

மரப்பட்டறை, காரைக்குடி:
சுவரோரக் குழாயில் கொக்கி மாட்டி ஓடும் தேக்கு ஏணிதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஆனால் அதிலும் ஒன்று நடந்தது. எங்கள் உதவியாளர் படியில் நின்றபடியே அலமாரியைப் பிடித்துத் தன்னை நகர்த்திக்கொண்டு போனார். குழாயின் முனையிலிருந்த ஸ்டாப்பரின் திருகு தளர்ந்திருந்ததால் கொக்கி வெளியே வந்துவிட்டது. ஏணியின் தலை அலமாரி விளிம்பில் விழுந்து தங்கியதால்தான் அவர் தப்பினார். அந்த மரச் சத்தம் கேட்டு அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டோம். இப்போது ஸ்டாப்பரைக் குழாயை ஊடுருவும் போல்ட்டால் மாட்டியிருக்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மர ஏணிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், விரிசல் மறைந்துவிடும். வார்னிஷ் போதும்.

ஃபேப்ரிகேஷன் பட்டறை, திருச்சி:
கோவை ஐயாவுக்கு: பிரேக்கின் மேல் குறை இல்லை. சுழலும் சக்கரத்தில், அதைச் சட்டத்தோடு இணைத்துத் திரும்ப விடும் தண்டு, சக்கர அச்சுக்கு நேர் மேலே நிற்பதில்லை. சற்றுத் தள்ளியே நிற்கும். சாதாரண பிரேக் உருள்வதைத்தான் தடுக்கும், தண்டு திரும்புவதைத் தடுக்காது. ஏணியை நேராகத் தள்ளி வந்து நிறுத்தும்போது நான்கு சக்கரங்களும் ஒரே திசையில் நிற்கும். அந்த நிலையில் பக்கவாட்டில் இழுத்தால், நான்கு தண்டுகளும் ஒன்றாகத் திரும்பிச் சட்டத்தையே நகர்த்திவிடும். எங்களிடமும் இதே ஏணி இருந்தது. ஒருவர் மேலே நின்று துளையிடும்போது அது ஊஞ்சல்போல் ஆடியதைப் பார்த்த அன்றே அறுத்துவிட்டோம்.

உருள்வதையும் திரும்புவதையும் சேர்த்துப் பூட்டும் சக்கரம் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் ஆள் ஏறும் எடை சக்கரத்தின் மேல் இறங்கவே கூடாது என்பேன். நான்கு கால்களுக்கும் அடியில் ரப்பர் புஷ் (ரப்பர் குமிழ்) மாட்டுங்கள். பின்கால்களின் வெளிப்புறத்தில் திரும்பாத சக்கரம் இரண்டை, தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் உயர்த்திப் பொருத்துங்கள். முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்தால் மட்டும் சக்கரம் தரையைத் தொடும். கீழே விட்டால் ஏணி காலூன்றி நிற்கும். நிற்கும் படியின் உயரம், அடிச்சட்டத்தின் குறுகிய அகலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது. படிகளுக்கிடையே ஓரடி வைத்து, உச்சியில் இருபுறமும் கைப்பிடி கொடுங்கள். காரைக்குடி நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை: சுவரோர ஏணி அந்த ஒரு சுவருக்கு மட்டுமே உதவும்; ஆள் ஏறியிருக்கும்போது எந்த ஏணியையும் நகர்த்த விடுவதே தவறு, அதற்கு ஸ்டாப்பர் மருந்தாகாது.

மோட்டார் ரீவைண்டிங், மதுரை:
திருச்சி நண்பர் சொல்லும் சாய்த்து உருட்டும் ஏணிதான் எங்களிடமும் இருக்கிறது, ஒருநாள் அதுவும் நகர்ந்தது. முதல் படியில் கால் வைத்ததும் ஏணி பின்னால் ஒதுங்கியது. குனிந்து பார்த்தால் ரப்பர் புஷ் தேய்ந்து, சக்கரம் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. சிமென்ட் தரையில் புஷ் விரைவாகத் தேய்கிறது. அதனால் இப்போது ஏறுமுன் சக்கரத்தின் அடியில் ஆக்சா பிளேடை (இரும்பு அறுக்கும் ரம்பத்தின் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்கிறோம். நுழையாவிட்டால், புஷ்ஷை மாற்றும்வரை யாரையும் ஏற விடுவதில்லை.