அப்பாவின் ஹெர்குலிஸ்: பெயின்ட் ரிமூவரா, உப்புத்தாளா?

கேள்வி:
அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிள், அம்பத்தூரில் செய்த இரும்பு ஃப்ரேம். எங்கள் பகுதிப் பொதுப் பட்டறையில் வைத்துச் சுரண்டி மறுபடி கறுப்பு அடிக்கப் போகிறேன். முன்குழாயில் உள்ள பேட்ஜ் கெடக்கூடாது, அதுதான் எனக்கு முக்கியம். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) கொடுக்கச் சொல்கிறார்கள். என் கையால் அடிக்கத்தான் ஆசை.

பதில்:
தாராளமாக அடியுங்கள். குழாய்கள் சேரும் லக் மூலைகளில் உப்புத்தாள் நுழையாது, அங்கே ரிமூவர்தான். பேட்ஜைச் சுற்றி மட்டும் ரிமூவர் வேண்டாம். டேப் ஒட்டிவிட்டுத் தாளால் தேயுங்கள். முதலில் 80 நம்பர் தாள், அப்புறம் 220. பெடல் அச்சு போகும் குழாயின் மரைக்குள் பெயின்ட் இறங்கினால் பேரிங் கப் ஏறாது, துணி அடைத்துவிடுங்கள். சுரண்டிய அன்றே தின்னரால் துடைத்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தாக வேண்டும். சென்னைக் காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும். பெயின்டைக் கனமாக ஒரே கோட் அடித்தால் வழியும். மெல்லிசாக மூன்று கோட் போதும்.

இன்னொரு பதில்:
பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டுக்கே 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்க்காதீர்கள், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். முகமூடி கட்டாயம். பட்டறைக்குக் குழந்தைகள் வருவார்கள் இல்லையா? தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேட்டவர்:
சரி, ஞாயிறன்று வாட்டர் பேப்பரோடு போகிறேன். பின்மக்கார்டில் வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு, அதையும் அப்படியே போட வேண்டும்.

பதில்:
கறுப்பு நன்றாகக் காய்ந்த பிறகே அதன்மேல் டேப் ஒட்டுங்கள்.