உப்புக்காற்றில் 6 வருடம் ஓடணும்: கழற்றும் பேட்டரியா, கடைவீதியில் கிடைக்கும் பாகமா?

கெடிலக்கரை

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் தினமும் 8 மணி நேரம் வெளியில் இருக்கப்போகும் போன். 6 வருடம் வரணும், நடுவில் பழுதானால் சரிசெய்ய முடியணும், சின்னப் பாகத்துக்காகக் குப்பைக்குப் போகக் கூடாது. பட்ஜெட் 28 ஆயிரம். பட்டியலில் மிஞ்சியது இரண்டு.

சாம்சங் எக்ஸ்கவர் 7: 2024 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது, வெளியீட்டு விலை 27,208, பின்மூடியை நகத்தால் நெம்பி பேட்டரியைக் கழற்றலாம், ஐ.பி.68 (தூசி, தண்ணீர் தாங்கும் தரம்). கேலக்ஸி ஏ16 5ஜி: 2024 அக்டோபர், 18,999, பேட்டரி உள்ளே ஒட்டியது, ஐ.பி.54, 6 வருட அப்டேட். சிப் கிட்டத்தட்ட ஒன்றுதான், டைமென்சிட்டி 6100 பிளஸ்ஸும் 6300-உம். கழற்றும் பேட்டரிக்காக 8 ஆயிரம் கூடக் கொடுப்பது தேறுமா?

ஹாட்_ஏர்_350

தேறாது. ஏ16 எடுங்க.

ரிப்பேர் பண்ண முடியுமாங்கிறதை ஸ்க்ரூவை எண்ணிச் சொல்லக் கூடாதுங்க. லாரன்ஸ் ரோட்டு ரிப்பேர் கடையில் காலையில் கொடுத்தா சாயங்காலம் திரும்ப வருதா, அதுதான் கணக்கு. ஏ வரிசை ஊரெல்லாம் ஓடுது. காம்போ (திரையும் டச்சும் சேர்ந்தது), பேட்டரி, சி.சி. போர்டு (சார்ஜிங் வாய் இருக்கிற சின்ன போர்டு), பின் டோர், சிம் ட்ரே, எதுவா இருந்தாலும் கடலூர்ல இல்லைன்னா பாண்டியில, அங்கேயும் இல்லைன்னா சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ் பார்சல்ல மறுநாள். எக்ஸ்கவர் கம்பெனிகளுக்கு மொத்தமா விக்கிறதுக்குன்னு வந்த மாடல். அதுக்குக் காம்போ வாங்கி எந்தக் கடைக்காரரும் பணத்தை முடக்க மாட்டாரு. சர்வீஸ் சென்டர் ஒண்ணுதான் கதி.

அப்புறம் இந்தக் கரையில முதல்ல போறது பேட்டரி இல்லை, சார்ஜிங் வாய். டைப்-சி உள்ள 5 வோல்ட் வர்ற பின் மேல உப்பு ஈரம் படிஞ்சா, சார்ஜ் போடப் போட மின்னோட்டமே உலோகத்தை அரிச்சுடும். பச்சையா பூத்திருக்கும் பாருங்க, அதான். ஃபாஸ்ட் சார்ஜ்ல 9 வோல்ட், இன்னும் வேகமா அரிக்கும். ஏ வரிசையில அந்த வாய் தனி சி.சி. போர்டுல இருக்கு. டோரைச் சூடாக்கி எடுத்து, ஸ்க்ரூ கழற்றி, ஃப்ளெக்ஸை (பட்டை ஒயரை) பிடுங்கி, புதுசு மாட்டினா முடிஞ்சது. சால்டரிங்கே வேண்டாம். மதர்போர்டுலேயே வாய் இருக்கிற மாடல்னா ஹாட் ஏர் பிடிச்சு சால்டரை உருக்கணும், பக்கத்துல இருக்கிற ஐ.சி.க்கும் ஆபத்து.

உப்பளம்

> முதல்ல போறது பேட்டரி இல்லை

முதலில் போவது வாய், சரி. கட்டாயமாகப் போவது பேட்டரி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 0-விலிருந்து 100 வரை ஏற்றுவது ஒரு சுற்று; தினம் 0.8 சுற்று சார்ஜ் என்றால் 6 வருடத்தில் 6 × 365 × 0.8 = 1,752 சுற்று. 800 சுற்றில் 80 சதவீதத்துக்கு இறங்கும் நல்ல செல்லாகவே இருந்தாலும் இரண்டு முறை மாற்றியாக வேண்டும். வெயிலில் கிடக்கும் போனுக்கு இன்னும் முன்னதாகவே.

ஒட்டிய பேட்டரியை மாற்றுவது எப்படி நடக்கிறது? பின் டோரை 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து நெம்ப வேண்டும். பேட்டரிக்கு அடியில் ஐசோபிரொபைல் ஆல்கஹால் விட்டுப் பசையை இளக்க வேண்டும். பொறுமையில்லாமல் உலோகத் தகடால் நெம்பினால் செல் வளையும். ஓட்டை விழுந்தால் தீ. எடுத்த பிறகு பழைய பசையைச் சுரண்டி, அந்த மாடலுக்கென வெட்டிய ஓரப் பசை நாடாவைப் புதிதாக ஒட்ட வேண்டும். பெரும்பாலும் நடப்பது? பி7000 என்ற டியூப் கம்மை ஓரமாக ஓடவிட்டு ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது. ஐ.பி.54 அன்றோடு காலி. முதுநகரில் அதற்குப் பிறகு உள்ளே போகும் காற்று சும்மா காற்று அல்ல, உப்பு.

எக்ஸ்கவரில் இதே வேலைக்கு அரை நிமிடம், கருவி நகம். பாகம் கடைவீதியில் கிடைக்காது என்கிறீர்கள். கிடைக்கும் பாகம் என்ன தரம்? ஏ16-க்கு இருப்பது அமோலெட் திரை. கடையில் விலை குறைவாகச் சொல்லும் காம்போ டி.எஃப்.டி.யாக (மலிவான எல்.சி.டி. வகை) இருக்கும்: தடிமன் கூடி ஃப்ரேமில் சரியாக உட்காராது, வெயிலில் மங்கும், பேட்டரியைக் கூடுதலாகத் தின்னும். ஏ16-இல் கைரேகை பக்கவாட்டுப் பட்டனில் இருப்பதால் அது தப்பித்தது. திரைக்குள் கைரேகை உள்ள மாடலில் டி.எஃப்.டி. போட்டால் அதுவும் போச்சு. எக்ஸ்கவர் 7 முதலிலிருந்தே எல்.சி.டி., இந்தச் சிக்கலே கிடையாது.

புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல். இரண்டுமே இந்தக் கரையில்தான் ஏறின. கம்பம் சாய்ந்து கரண்ட் இல்லாத நாட்களில் சட்டைப்பையில் நிறைந்த ஒரு பேட்டரி இருப்பது சின்ன விஷயமல்ல.

ஹாட்_ஏர்_350

புயலுக்குப் பவர் பேங்க் போதும் சார். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்குல 37 வாட் அவர். வோல்ட் ஏத்தி இறக்கறதுல அஞ்சுல ஒரு பங்கு போனாலும் 29 மிச்சம். எக்ஸ்கவர் பேட்டரி 4,050 எம்.ஏ.எச்., அதாவது பதினஞ்சரை வாட் அவர் சொச்சம். ஒரு பவர் பேங்க் ரெண்டு ஸ்பேர் பேட்டரிக்குச் சமம், வீட்டில் உள்ள எல்லா போனுக்கும் ஆகும். ஸ்பேர் பேட்டரியை ஏத்தணும்னா தனி டாக் (சார்ஜிங் ஸ்டாண்ட்) வாங்கணும், இல்லைன்னா போனுக்குள்ளயே மாட்டி ஏத்தணும்.

டி.எஃப்.டி. விஷயம் உண்மைதான், மறுக்கலை. "சர்வீஸ் பேக்"னு கேட்டு வாங்கணும். அது ஃப்ரேமோட வரும், கம்பெனி பாகம், விலை கூட.

உப்பளம்

பவர் பேங்க் கணக்கு சரி. ஆனால் மழையில் வாய் நனைந்திருந்தால்? ஈரத்தைக் கண்டால் போன் சார்ஜை நிறுத்திவிடும், திரையில் நீர்த்துளி அடையாளம் வரும். காய மணிக்கணக்கில் ஆகலாம். பவர் பேங்க் நிறைந்திருக்கும், போன் அணைந்திருக்கும். பேட்டரியை மாற்ற வாய் தேவையில்லை.

ஹாட்_ஏர்_350

கொட்டுற மழையில பின்மூடியைத் திறப்பீங்களா? அந்த மூடியோட உள்ஓரத்துல ஓடுற ரப்பர்தான் ஐ.பி.68-ஐத் தாங்குது. அதுல ஒரு மணல், ஒரு தலைமுடி போதும், தண்ணி உள்ள இறங்க. தேவனாம்பட்டினம் கடற்கரையில நின்னு பேட்டரி மாத்தினா மணல் இல்லாம மூட முடியுமா? திறக்கத் திறக்க ரப்பரும் தேயும்.

இன்னொண்ணு. ஐ.பி.68 சோதனை நல்ல தண்ணியில பண்றது. கடல்தண்ணிக்கு அது உத்தரவாதம் இல்லை.

உப்பளம்

ரப்பர் பற்றிச் சொன்னது நியாயம். உலர்ந்த கையோடு, கூரைக்கு அடியில், ஓரத்தை மென்துணியால் துடைத்துவிட்டு, நான்கு புறமும் அழுத்தி "டப்" கேட்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். ரப்பர் தளர்ந்தால் மூடியையே மாற்றிவிடலாம். ஏ16-இல் பி7000 கம்முக்குப் பிறகு என்ன மாற்றுவீர்கள்?

செம்மண்_சாலை

இருவரும் சாம்சங்குக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். நீடித்த போன் என்றால் ஃபேர்ஃபோன் 5 தானே? 2023-இல் வந்தது, போன்களைப் பிரித்து ரிப்பேர் மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் தளம் 10-க்கு 10 கொடுத்தது, 2031 வரை மென்பொருள், 5 வருட வாரண்டி, பேட்டரி கையால் கழலும், திரையும் கேமராவும் சார்ஜிங் வாயும் ஒரே ஸ்க்ரூடிரைவரில். தங்கம், கோபால்ட் எங்கிருந்து வருகிறது, தோண்டுகிறவருக்கு என்ன கூலி என்பதையும் பார்க்கிறார்கள். பாகம் மட்டும் பேசினால் பாதிதான்.

பேட்ச்_லெவல்

ஃபேர்ஃபோன் நல்ல போன், ஆம்ஸ்டர்டாமில் இருப்பவருக்கு. இந்தியாவில் அதிகாரப்பூர்வ விற்பனை இல்லை. 2023-இல் வெளியானபோது விலை 699 யூரோ, அதன் மேல் சுங்கமும் ஜி.எஸ்.டி.யும். 28 ஆயிரம் பட்ஜெட்டைவிடுங்கள், அதன் உயிரே கழற்றும் பேட்டரிதான். அந்தப் பேட்டரிதான் இங்கே வந்து சேராது. தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலிலிருந்து தடை. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. ஒரு பேட்டரிக்காக அந்தக் காகித வேலையை எந்தக் கூரியரும் ஆசையாகச் செய்யாது.

அடுத்தது அழைப்பு. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது; வோல்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) வேலை செய்யாவிட்டால் போனில் பேசவே முடியாது. இங்கே விற்காத போனில் இந்திய நெட்வொர்க்குக்கு வோல்டி திறந்திருக்கிறதா என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரியும்.

சாம்சங் சண்டைக்கு வருகிறேன். இருவரும் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அப்டேட் வருடங்கள் மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணப்படும், வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஏ16-க்கு 2024 அக்டோபர் + 6 = 2030. கடையில் தள்ளுபடியில் கிடக்கிறதே என்று 2026-இல் எடுத்தால் 4 வருடம் சொச்சம்தான் மிச்சம். கேட்டது 6. அதே 18,999-க்கு 2025 ஆகஸ்டில் ஏ17 5ஜி வந்திருக்கிறது, அதற்கும் 6 வருடம், 2031 வரை. எக்ஸ்கவர் 7 ஏ16-ஐவிட 8 மாதம் மூத்தது. பேட்டரி புதிதாக இருந்து, பாதுகாப்புப் பேட்ச் நின்று, வங்கிச் செயலி திறக்க மறுத்தால் அந்தப் போனை என்ன செய்வது? அலாரம் வைக்கலாம்.

அப்டேட் நின்ற போனில் லினியேஜ் ஓ.எஸ். என்ற வெளி ஆண்ட்ராய்டைப் போடலாம் என்று யாராவது சொல்லும் முன்: அதற்காகப் பூட்லோடர் பூட்டைத் திறந்த போனில் சில வங்கி, யு.பி.ஐ. செயலிகள் ஓட மறுக்கும்.

செம்மண்_சாலை

வோல்டி, பேட்டரி இரண்டுக்கும் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிதாக வாங்குவதே பெரிய சுமை. ஒரு போனின் மொத்தக் கார்பனில் பெரும்பங்கு தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது, சார்ஜ் போடும் கரண்ட் கொஞ்சம்தான். கையில் இருப்பதற்கு இன்னும் அப்டேட் வருகிறது என்றால் பேட்டரி மாற்றி 2 வருடம் ஓட்டுங்கள். இந்த இழையில் உள்ள எந்த மாடலையும்விட அது மேல்.

கெடிலக்கரை

கையில் இருப்பதற்குப் பேட்ச் நின்று ஒரு வருடமாகிறது, அதனால்தான் தேடல். ஏ17-ஐ யோசிக்கவில்லை, நன்றி. ஐரோப்பாவில் போனுக்கு ரிப்பேர் மதிப்பெண் ஒட்டுகிறார்களாமே, அதை இங்கிருந்து பார்க்க முடியுமா? எக்ஸ்கவர் எடுத்தால் இப்போதே இரண்டு பேட்டரி வாங்கி வைத்துவிடலாமா?

பேட்ச்_லெவல்

பார்க்கலாம். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்கும் போனுக்கு லேபிள் கட்டாயம். எப்ரெல் என்ற அவர்கள் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது. ரிப்பேர் தரம் ஏ முதல் இ வரை, பேட்டரி எத்தனை சுற்றுத் தாங்கும், விழுந்தால் தாங்கும் தரம், ஐ.பி. எல்லாம் இருக்கும். மாடல் எண்ணின் கடைசி எழுத்து இந்தியாவில் வேறாக இருக்கலாம், அதற்கு முந்தையது பொருந்துகிறதா பாருங்கள். விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் பாகம் தர வேண்டும் என்ற விதி அங்கேதான் செல்லும், இங்கே அல்ல. அதனால் அந்த ஏ தரத்தைப் பார்த்து ரொம்ப மயங்க வேண்டாம்.

உப்பளம்

பேட்டரியை இப்போதே வாங்கி அடுக்க வேண்டாம். பயன்படுத்தாமல் வைத்தாலும் செல் கிழடாகும், நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரமே. ஒன்று போதும், அதைப் பாதி சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை சுழற்றி மாட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் முழுசாக ஏற்றுங்கள்.

ஹாட்_ஏர்_350

இதுல சாருக்கும் எனக்கும் சண்டை இல்லை. கடையில பழைய ஸ்டாக் பேட்டரிக்கும் இதே கதிதான்.

ஏ17 எடுத்து பின்னாடி பேட்டரி மாத்தினா, போலியான்னு பார்க்க, எவ்வளவு கரண்ட் ஏறுதுன்னு காட்டுற ஒரு யு.எஸ்.பி. மீட்டர் வாங்கி வெச்சுக்குங்க. போனைத் தானா அணையிற வரைக்கும் ஓட்டிட்டு, அணைச்ச நிலையிலேயே 100 வரை ஏத்துங்க. 5,000 எம்.ஏ.எச். செல்லுல நிக்கிறது 19 வாட் அவர், இழப்போட மீட்டர்ல 21, 22 காட்டணும். 14, 15-ல நின்னுடுச்சுன்னா ஸ்டிக்கர்ல என்ன போட்டிருந்தாலும் திருப்பிக் கொடுங்க. டோரை மூடும்போது "வெட்டின ஓர நாடா ஒட்டுங்க, கம் வேண்டாம்"னு முன்னாடியே சொல்லிடுங்க. நாடா இல்லைன்னா வர்ற வரைக்கும் காத்திருக்கலாம், ஒரு நாள்தானே.

பழைய பேட்டரி உப்பியிருந்தா உடனே கழற்றணும். பின்னாலேருந்து திரையை அழுத்தி அமோலெட்டுல கோடு விழ வெச்சுடும், அப்ப ரெண்டு செலவு.

கெடிலக்கரை

சரி, ஏ17 பக்கம் சாய்கிறேன். மிச்சமாகும் 8 ஆயிரம் இரண்டு பேட்டரி, ஒரு சி.சி. போர்டு, சர்வீஸ் பேக் காம்போவில் ஒரு பகுதிக்கு ஒதுக்கிவிடுகிறேன். டைப்-சி வாய்க்கு சிலிக்கோன் மூடி போட்டால் உப்பு படியாதுதானே?

உப்பளம்

வாழ்த்துகள், இருந்தாலும் முதல் முறை டோர் திறக்கும் நாளில் இந்த இழை நினைவுக்கு வரும்.

மூடியை நினைத்தபடி போட்டுவிடாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மூடினால் உப்பை அடைகாத்த மாதிரி ஆகிவிடும். வாரம் ஒருமுறை போனை அணைத்துவிட்டு, மூங்கில் பல்குச்சியால் பஞ்சுத் தூசியை எடுங்கள், ஊசி வேண்டாம். 99 சதவீத ஐசோபிரொபைலை மென்பிரஷ்ஷில் இரண்டு சொட்டு விட்டுத் துலக்கி, அரை மணி வாயைக் கீழ்நோக்கி வையுங்கள். கைகழுவும் சானிடைசர் கூடாது, அதில் தண்ணீர் இருக்கிறது. நனைந்தால் அரிசி டப்பாவில் போட வேண்டாம், அரிசிதான் வீண். அதன் பிறகு மூடி.

ஹாட்_ஏர்_350

ராத்திரி சார்ஜ் போடும்போது 15 வாட்டுல ஏத்துங்க, செட்டிங்ஸ்ல ஃபாஸ்ட் சார்ஜை நிறுத்திடுங்க. 80-ல நிக்கிற பேட்டரி பாதுகாப்பும் அங்கேயே இருக்கு.

பேட்ச்_லெவல்

15 வாட்டும் ஃபாஸ்ட் சார்ஜ்தான், 9 வோல்ட்டில் போவது. நிறுத்தினால் 5 வோல்ட், அதாவது 10 வாட்டுக்குள். மற்றபடி சரி.