பிளாஞ்ச், ஹேண்ட்ஸ்டாண்ட்: புதிதாகத் தொடங்குபவர் எந்த வரிசையில் செல்ல வேண்டும்?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. எனக்கு வயது 31. உயரம் 172 செ.மீ., எடை 74 கிலோ. எட்டு மாதங்களாகக் காலை வேளையில் வீட்டு மொட்டை மாடியில் உடற்பயிற்சி செய்து வருகிறேன். நிறுத்தாமல் 25 தண்டாலும் 6 புல்-அப்ஸும் எடுக்க முடிகிறது. இரண்டு கைகளை மட்டும் தரையில் ஊன்றி, கைகளை மடக்காமல், உடல் முழுவதையும் தரைக்கு இணையாக நிறுத்தும் பிளாஞ்ச் நிலையை எட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதற்காக, முழங்கால்களை மார்போடு மடக்கிச் செய்யும் டக் பிளாஞ்சை இரண்டு மாதங்களாக நாள் தவறாமல் முயன்று வருகிறேன். மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியவில்லை. கடந்த பத்து நாள்களாக வலது முழங்கையின் உள்மடிப்பில் ஒரு குத்தல் இருக்கிறது. தண்ணீர் வாளியைத் தூக்கினால் அது தெரிகிறது. முழங்கைகளை வயிற்றில் பதித்து உடலைத் தரைக்கு இணையாகத் தூக்கும் மயூராசனம் ஐந்தாறு நொடி வருகிறது. கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டில், சுவரில் காலைச் சாய்த்து இருபது நொடி நிற்கிறேன்; ஆனால் சுவரை விட்டுக் காலை எடுத்த உடனே விழுந்துவிடுகிறேன்.

மயூராசனத்தை நீட்டித்துக்கொண்டே போனால் அது பிளாஞ்சாக மாறுமா? பிளாஞ்சையும் ஹேண்ட்ஸ்டாண்டையும் ஒரே காலத்தில் பழகலாமா? இந்த வலியை வைத்துக்கொண்டு நான் தொடரலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை. டக் பிளாஞ்சை இன்றே நிறுத்துங்கள். கையை நேராக நீட்டி உடலைத் தாங்கும்போது, மேற்கையின் முன்தசை முழங்கையைக் கடந்து சென்று எலும்பில் ஒட்டும் இடத்தில் உள்ள தசைநாண் பெரும் இழுப்பைத் தாங்குகிறது. நீங்கள் சொல்லும் உள்மடிப்பு வலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாண் அந்த வேகத்தில் வலுப்பெறாது, அதற்குப் பல மாதங்கள் ஆகும். உங்கள் தோள் தயாராகிவிட்டது போலத் தோன்றும் காலத்தில்தான் முழங்கை பின்தங்கி நிற்கிறது. நானும் முதல் ஆண்டில் இதே வலியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து, நான்கு மாதங்கள் எதையும் செய்ய முடியாமல் இருந்தேன். இரண்டு மூன்று வாரங்கள் கை நீட்டிச் செய்யும் தாங்கல்களை விட்டுவிட்டு, வலி தராத அளவில் தண்டாலை மட்டும் மெதுவாகச் செய்து வாருங்கள். வாளியைத் தூக்கும்போது வலி அடியோடு மறைந்த பிறகும் ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி மயூராசனம். பார்வைக்கு அது பிளாஞ்சின் தங்கை போல இருக்கும்; ஆனால் தாங்கும் முறை முற்றிலும் வேறு. மயூராசனத்தில் முழங்கைகள் வயிற்றில் பதிந்திருப்பதால், உடலின் எடை முன்கை எலும்புகள் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடுகிறது. தோள் பெரிதாக எதையும் தாங்க வேண்டியதில்லை. பிளாஞ்சில் அந்த முட்டு கிடையாது. உடலின் ஈர்ப்பு மையம் உள்ளங்கைக்கு நேர்மேலே இருந்தால்தான் விழாமல் நிற்க முடியும். அதற்காகத் தோள் மணிக்கட்டைத் தாண்டி முன்னால் போக வேண்டும். கால்களை நீட்ட நீட்ட ஈர்ப்பு மையம் கால் பக்கம் நகர்கிறது, அதை ஈடுகட்டத் தோள் இன்னும் முன்னே சாய்கிறது, தோள்மூட்டின் மீதான சுமையும் அதற்கேற்பக் கூடுகிறது. முழங்காலை மடக்குவது, ஒரு காலை மட்டும் நீட்டுவது, இரண்டு கால்களையும் அகட்டி நீட்டுவது, கடைசியில் கால்களைச் சேர்த்து நீட்டுவது என்ற படிநிலைகள் எல்லாமே இந்த நெம்புகோலின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதற்காக ஏற்பட்டவை. ஆகவே மயூராசனம் எத்தனை நிமிடம் வந்தாலும் அது பிளாஞ்சாக மாறாது. ஆயினும் அதைக் கைவிட வேண்டாம். முன்னால் சாய்வதில் உள்ள அச்சத்தைப் போக்கவும் உடலை விறைப்பாக வைத்திருக்கவும் அதைவிட நல்ல ஆசான் இல்லை.

வலி போன பிறகு நீங்கள் தொடங்க வேண்டியது முன்சாய்வுதான். தண்டால் எடுக்கும் நிலையில் இருந்து, விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, கைகளை மடக்காமல் தோள்களை மணிக்கட்டுக்கு முன்னால் கொண்டு போங்கள். கால்கள் தரையிலேயே இருக்கட்டும். தரையைக் கீழே தள்ளுவது போல அழுத்தும்போது மேல்முதுகு மெல்ல உருண்டு கூன் போட்டது போல ஆக வேண்டும். அப்படி ஆகாமல் தோள்பட்டை எலும்புகள் நடுவில் ஒட்டிக்கொண்டால் சாய்வு அதிகம், கொஞ்சம் பின்வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு நொடி அசையாமல் நிற்கக்கூடிய சாய்வைத் தேர்ந்து, ஐந்து முறை செய்யுங்கள். நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். மூன்று நொடி மட்டுமே வரும் ஒரு நிலையைத் தினமும் முட்டிமோதுவது சோதனைதானே தவிரப் பயிற்சி ஆகாது.

எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முழு பிளாஞ்சுக்கு ஆண்டுக்கணக்கு ஆகும். எனக்கு ஆறாம் ஆண்டில் கால்களை அகட்டிய நிலை நான்கு நொடி வருகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் வளையங்களில் செய்யும் தாங்கல் நிலை 2 நொடி அசையாமல் நின்றால்தான் கணக்கில் எடுக்கப்படும் என்பதை நினைத்தால், அந்த நான்கு நொடியின் அருமை புரியும்.

பதில் 2

முந்தைய பதிலில் சொல்லியிருப்பதை ஏற்கிறேன். நான் யோகா கற்றுத் தருபவள் என்பதால், ஹேண்ட்ஸ்டாண்ட் பற்றி மட்டும் எழுதுகிறேன். சகோதரரே, நீங்கள் முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துக் காலை உதைத்து ஏறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஏறினால் இடுப்பு வளைந்து, குதிகால் சுவரில் சாய்ந்து, எடையின் ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொள்கிறது. சுவரை விட்டதும் விழுவதற்கு அதுவே காரணம்.

திரும்பிச் செய்து பாருங்கள். வயிறு சுவரைப் பார்க்கும்படி, பாதங்களைச் சுவரில் வைத்து மேலே ஏற்றிக்கொண்டே கைகளால் பின்னோக்கி நடந்து, உள்ளங்கைக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும் வரை வாருங்கள். பார்வை இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்கட்டும். தோளைக் காதோடு ஒட்டும்படி உயர்த்தித் தரையைத் தள்ளுங்கள். பிறகு கால்விரல்களைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் காலால் சுவரை உதைக்காமல், கைவிரல்களைச் சற்று இளக்கி, உள்ளங்கையின் அடிப்பகுதியிலிருந்து எடையை மெல்ல விரல்களை நோக்கி நகர்த்தி எடுக்க வேண்டும். கால்கள் தலையைத் தாண்டி முதுகுப் பக்கம் சரியத் தொடங்கினால், விரல்களைத் தரையில் அழுத்துங்கள்; நகக்கண்கள் வெளுக்கும் அளவுக்கு அந்த அழுத்தம் இருக்கும். ஏறிய பக்கமே கால்கள் திரும்பி விழப் பார்த்தால், உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு எடையைக் கொடுத்துத் தோள்களைக் கொஞ்சம் முன்னே விட வேண்டும்; இந்தப் பக்கத்துச் சரிவைத் திருத்துவது கடினம், ஆகவே விரல் பக்கம் சற்றுக் கூடுதலாக எடை வைத்து நிற்பதே வழக்கம். சமநிலை என்பது அசையாமை அன்று, இந்தச் சிறு சிறு திருத்தங்கள் ஓயாமல் நடந்துகொண்டிருப்பதுதான்.

விழுவதையும் முதலிலேயே பழகிவிடுங்கள். முதுகுப் பக்கம் சாயும்போது ஒரு கையை ஓரடி முன்னே எடுத்து வைத்து, இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் காலை இறக்குங்கள். இது கைவந்த பிறகு அச்சம் பாதி குறையும். இது வலிமையைவிடப் பழக்கத்தைச் சார்ந்த வித்தை என்பதால், மணிக்கட்டும் முழங்கையும் வலிக்காத வரையில் நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் செய்யலாம். பிளாஞ்ச் பயிற்சி உள்ள நாளில் அதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கண் அழுத்த நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தலைகீழ் நிலைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் வெகுவாக உயர்கிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுத் தண்ணீர் கேனில் செல்பேசியைச் சாய்த்து வைத்து, வலியில்லாத இடது கையில் கூடுதல் எடை வைத்து ஒரே ஒரு முறை டக் பிளாஞ்சைப் படம்பிடித்தேன். செய்திருக்கக் கூடாதுதான், ஆனால் பார்த்ததும் திடுக்கிட்டேன். நேராக இருப்பதாக நான் நம்பிய முழங்கைகள் இரண்டும் நன்றாக மடங்கியிருந்தன, தோள்கள் மணிக்கட்டுக்கு நேர்மேலேயே நின்றன. இனி வலி போகும் வரை தொட மாட்டேன். அந்த மூன்று வாரமும் வெறுமனே இருக்க மனம் வரவில்லை. எதைச் செய்யலாம்?

பதில் 3

தம்பி, வயிற்றுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை கொடுங்கள். மல்லாந்து படுத்து, அடிமுதுகைத் தரையோடு அழுத்தி, கால்களையும் தோள்களையும் ஒரு சாண் உயர்த்தி முப்பது நொடி நில்லுங்கள். அடிமுதுகுக்கும் ஜமக்காளத்துக்கும் நடுவில் உங்கள் கை நுழையக் கூடாது. நுழைந்தால் முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். பிளாஞ்சிலும் ஹேண்ட்ஸ்டாண்டிலும் இடுப்பு இதே வடிவத்தில்தான் இருக்க வேண்டும். மணிக்கட்டுக்கு, முழங்காலிட்டுக் கைகளை ஊன்றி, விரல்கள் முன்னே, பக்கவாட்டில், பின்னே என மூன்று திசையிலும் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் அசைந்து வாருங்கள். இதில் எடையின் பெரும்பகுதி முழங்காலிலேயே இருக்கட்டும்.

முதல் பதிலில் சொன்னதிலிருந்து ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். வலி நீங்கிய பின் முன்சாய்வைத் தரையில் தொடங்காமல் தண்டால் கட்டையில் தொடங்குங்கள். கட்டையைப் பிடிக்கும்போது மணிக்கட்டு அதிகம் பின்வளைவதில்லை. எடை கூடிய நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதே கட்டையில், முழங்கையில் ஒரு துளி வலியும் இல்லை என்றால், கைகளை ஊன்றி உடலைத் தூக்கி, கால்களை முன்னால் நீட்டி ‘L’ வடிவில் நிற்கும் எல்-சிட் நிலையையும் சேர்த்துக்கொள்ளலாம்: முதலில் இரு கால்களையும் மடக்கி, பிறகு ஒரு காலை நீட்டி, பிறகு இரண்டையும் நீட்டி. தோளைக் காதுக்கு ஏறவிடாமல் கீழே அழுத்த வேண்டும். தொடையின் மேற்பகுதி பிடித்துக்கொண்டால் அஞ்ச வேண்டாம், எல்லோருக்கும் பிடிக்கும்.

பதில் 1 எழுதியவர்

கட்டையைப் பற்றி ஐயா சொன்னது சரி. நான் தரையைச் சொன்னதற்குக் காரணம், விரல்களால் சமநிலையைத் திருத்தும் பழக்கம் தரையில்தான் வரும் என்பது. அதை ஹேண்ட்ஸ்டாண்ட் பார்த்துக்கொள்ளும் என்பதால் முன்சாய்வுக்குக் கட்டையே இருக்கட்டும். படம்பிடிக்கும் பழக்கத்தை விடாதீர்கள், ஆனால் செல்பேசியைத் தோள் உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில் வையுங்கள். கேனில் சாய்த்துக் கீழிருந்து எடுத்தால் தோள் எவ்வளவு முன்னே வந்திருக்கிறது என்பது தெரியாது.