[கலைச்சொல்] ‘பிட்-பர்ஃபெக்ட்’: வெள்ளிக்குள் ஒரு சொல்

ம. எழுதியது:

வணக்கம். இசை ஓடவிடும் மென்பொருள் ஒன்றின் தமிழ் இடைமுகத்தை வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள். மொழிபெயர்க்க வேண்டிய மற்ற சொற்சரமெல்லாம் முடிந்து ‘பிட்-பர்ஃபெக்ட்’ மட்டும் நிற்கிறது. பொத்தானில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும்.

சூழல் இது: பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸில் வருகிறது, அதாவது நொடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள், ஒலியை அளந்த எண்). கணினி 48-இல் நிற்கிறது. இயங்குதளத்தின் கலவை அடுக்கு (எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலப்பது) 147 மாதிரிக்கு 160 என்ற கணக்கில் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டு டாக்குக்கு (எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி) அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் அந்த அடுக்கைச் சுற்றிக்கொண்டு போகும். விண்டோஸில் வாசாபி என்ற ஒலி இடைமுகத்தின் எக்ஸ்குளூசிவ் முறை (ஒரே செயலி கருவியைத் தனதாக்கிக்கொள்வது), லினக்ஸில் அல்சா என்ற ஒலி அமைப்பு வழியே நேரே வன்பொருள், ஆண்ட்ராய்டில் 14-ஆம் பதிப்பு முதல், கருவி இடங்கொடுத்தால், யூ.எஸ்.பி. டாக்குக்கு இதே வசதி. கோப்பில் இருந்த எண்ணே டாக்குக்கும் போய்ச் சேரும். தற்காலிகமாகத் ‘துல்லிய ஒலி’ என்று போட்டிருக்கிறேன்.

க. எழுதியது:

> ‘துல்லிய ஒலி’

தயவுசெய்து வேண்டாம். அது பாராட்டு, பெயரல்ல. அறைக்கேற்ப ஈக்வலைசர் போட்டு, 60 ஹெர்ட்ஸ் வாக்கில் வீங்கும் பேஸைக் குறைத்தால் எண்கள் அத்தனையும் மாறும். கேட்க முன்னைவிட நன்றாகவே இருக்கும். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமன்செய்வதும் ஒரு பாட்டு மங்க அடுத்தது எழும் கிராஸ்ஃபேடும் எண்களை மாற்றுபவைதான். ‘துல்லியம்’ என்று எழுதிவிட்டால் ஆளுக்கு ஆள் ஈக்வலைசரை அணைத்துவிட்டு, கடகடக்கும் பேஸைத் துல்லியம் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் எவரும் கைவைக்கவில்லை என்பதற்கு மேல் இந்தப் பொத்தான் எதற்கும் பொறுப்பல்ல. மோசமாகப் பதிவான பாட்டு மோசமாகவே போய்ச் சேரும்.

இ. எழுதியது:

முதலில் ‘பிட்’டைத் தமிழாக்குவோம். இருமத்தின் இலக்கம் ஆதலால் ‘இருமி’. விசிறி, உருளி போல இகர ஈறு. ஆக, ‘இருமி மாறா’.

ந. எழுதியது:

‘இருமி’ என்று படித்ததுமே தொண்டை கமறுகிறது. முன்பு ‘நுண்மி’ என்று ஒன்று இருந்தது. அது கிருமிக்குப் போய்விட்டது. பிட் பிட்டாகவே இருக்கட்டும். தேர்வறையில் பிட் அடிப்பவன் ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதுகிறானே, அதைவிட நல்ல விளக்கம் இதற்குக் கிடைக்காது. என் பரிந்துரை: ‘பிட் பிசகா’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எந்தப் பெயரோடும் ஒட்டும். பிட் பிசகா வெளியீடு, பிட் பிசகாத் தடம்.

இ. எழுதியது:

தேர்வறைக் கொச்சையைக் கலைச்சொல் ஆக்குவதற்கு இந்தக் குழு எதற்கு? என்னைக் கேட்டால் ‘மாதிரி’யே வேண்டாம், ‘மாத்திரை’ போதும். கண்ணிமைப்பும் கைநொடிப்பும் காலத் துண்டுதானே.

ந. எழுதியது:

நொடிக்கு 44,100 மாத்திரை. மருத்துவரைக் கேட்டீர்களா?

த. எழுதியது:

பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது விகாரம் எதுவும் இல்லாவிட்டால் நன்னூல் அதை இயல்பு என்கிறது. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. கோப்பை நிலைமொழியாகவும் டாக்கை வருமொழியாகவும் வையுங்கள். டிதர் இரைச்சல் (பிட்டைக் குறைக்கும்போது வேண்டுமென்றே கலக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்ந்தால் தோன்றல். 44.1-ஐ 48 ஆக்கினால் திரிதல். 24 பிட் மாதிரியை 16-இல் நறுக்கினால் கெடுதல். மூன்றும் இல்லையேல் ‘இயல்பு வெளியீடு’. தொல்காப்பியர் வழியில் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று சொன்னாலும் கணக்கு ஒன்றுதான்.

க. எழுதியது:

அழகாக இருக்கிறது. ஆனால் 16 பிட் பாட்டை 24 பிட் டாக்குக்கு அனுப்பும்போது ஒவ்வொரு மாதிரியின் கடைசியிலும் எட்டுச் சுழியம் சேர்கிறது. உங்கள் கணக்கில் அது தோன்றல். மதிப்பு மாறாததால் எல்லோரும் அதைப் பிட்-பர்ஃபெக்ட் என்றே சொல்கிறார்கள்.

த. எழுதியது:

அது உடம்படுமெய். சேர்ந்து நிற்க வந்தது, பொருளைத் தொடாது.

க. எழுதியது:

உடம்படுமெய்யும் தோன்றல் விகாரத்தில்தானே ஐயா வரும்? நீங்களே அதை இயல்பு என்றால் எப்படி?

(இந்த எட்டுப் பிட் இடம் வேறொன்றுக்கும் உதவும். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். ஆகவே 24 பிட் வெளியீட்டில் மென்பொருள் வால்யூமை 48 டெசிபல் வரை குறைத்தாலும் 16 பிட் பாட்டின் அடிப் பிட்டுகள் விழாது. எண் மாறிவிடும், இழப்பு காதுக்கு எட்டாது. ‘துல்லியம்’ வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம்.)

ம. எழுதியது:

‘இயல்பு’க்கு இலக்கணத்தைவிடப் பெரிய இடைஞ்சல்: டீஃபால்டுக்கு இதே மென்பொருளில் ‘இயல்புநிலை’ என்று எழுதியிருக்கிறோம். இயல்புநிலை வழி என்பது கலவை அடுக்கு வழி. ‘இயல்பு வெளியீடு’ என்றால் பயனர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

எண் மாறாமல் போகிறது என்று எப்படிச் சோதிப்பது? உதவிப் பக்கத்துக்கு வேண்டும்.

க. எழுதியது:

டி.டி.எஸ். (பல ஸ்பீக்கர்களுக்கான சுற்றொலி) குறியாக்கம் அடங்கிய 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு ஒன்றை ஆப்டிகல் கம்பி வழியே ஏ.வி. ரிசீவருக்கு (அதைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) விடுங்கள். எண் மாறாவிட்டால் ரிசீவர் அடையாளம் கண்டு டி.டி.எஸ். என்று காட்டி இசைக்கும். மாறியிருந்தால் வெறும் இரைச்சல், அதுவும் முழு வீச்சில். ஆகவே ரிசீவர் ஒலியளவை முதலிலேயே இறக்கிவையுங்கள். தோற்றால் மென்பொருளின் வால்யூமைப் பாருங்கள், 99 என்றாலும் போச்சு. பிறகு ஈக்வலைசர், ஒலியளவுச் சமன்.

புளூடூத் இணைப்பில் பொத்தானை மங்கலாக்கிவிடுங்கள். குறுந்தட்டுத் தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும், புளூடூத்தின் ஒலிச்சுருக்க முறைகளில் ஒன்றான எல்டாக் அதிகபட்சம் 990. ஒலியை இழப்போடு சுருக்கித்தான் அனுப்பும்.

எக்ஸ்குளூசிவ் முறையில் மற்ற செயலிகளின் ஒலி நின்றுபோகும். இதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் கணினி கெட்டுவிட்டது என்பார்கள்.

ம. எழுதியது:

நாளை கெடு. ந., க., இன்னும் இருவர் தனி மடலில் – நால்வர் ‘மாற்றாமல் அனுப்பு’ போதும் என்கிறார்கள். ஒன்பது எழுத்து. உதவிக் குறிப்பில் ‘பிட் பிசகா’ வரும். அதையே போடுகிறேன்.

இ. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘பிட்’ நுழைந்துவிட்டது.

த. எழுதியது:

பொத்தானுக்குச் சரி. நிலைத் திரையில் என்ன வரும்? ‘மாற்றாமல்: இல்லை’ என்றா? எதிர்மறைமேல் எதிர்மறை. மாற்றியதா, மாற்றவில்லையா? ‘இயல்பு: இல்லை’ என்றால் இந்தக் குழப்பம் வராது.

ம. எழுதியது:

நிலைத் திரையில் ஆம், இல்லை இரண்டும் வேண்டாம். ‘44.1 → 48’ என்று நடந்ததை எண்ணாகவே காட்டச் சொல்லிவிட்டேன்.

த. எழுதியது:

அது திரிதலுக்கு ஆயிற்று. வால்யூம் 99-இல் இருந்தால் அந்தத் திரை ‘44.1 → 44.1’ என்றுதான் காட்டும்.